நாக்கில் வைக்காத வெங்காரம்

மூசைக்குள் தங்கம் ஒன்றுசேரவில்லை.

மூசை என்பது தங்கம் உருக்கும் சின்ன மண் கிண்ணம். உள்ளே நாலு துண்டாகக் கத்தரித்துப் போட்ட ஒரு பொற்காசு. நெருப்பில் குறையில்லை. சிரட்டைக்கரி நன்றாகக் கனன்றுகொண்டிருந்தது. எங்கள் வீட்டுக்காரர் குந்தி உட்கார்ந்து, ஊதுகுழலை வாயிலிருந்து எடுக்காமல் ஊதினார். கன்னம் இரண்டும் உப்பி, கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

துண்டுகள் சிவந்தன. ஆனால் ஓடவில்லை. ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, ஒட்டாமல், மேலே சுண்ணாம்பு தெளித்தது போல ஒரு வெள்ளைப் பொருக்கோடு கிடந்தன. தீக்குச்சியை மூக்குக்குக் கிட்டே கொளுத்தினால் ஒரு நெடி வருமே, அந்த நெடி கூடம் முழுக்கப் பரவியது. முன்வரிசையில் இருந்த பெண்கள் முந்தானையால் மூக்கை மூடினார்கள்.

பொன் உருக்குகிற பத்தரின் பெண்சாதி என்ற மரியாதைக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். நான் வாசல் நிலையோரம் நின்றிருந்தேன். அந்த நெடி அங்கேயும் வந்தது. மற்றவர்களுக்கு அது வெறும் நெடி. எனக்கு அது இன்னது என்று தெரியும்.

பெண் வராத வீடு

அந்த வீடு ரங்கூன் ரோட்டுப் பக்கம், ஒரு யாழ்ப்பாணத்துக் கிராணியாருடையது. ஆபீசில் எழுத்து வேலை பார்ப்பவரை அப்போது கிராணி என்றுதான் சொல்வோம். மகனும் கிராணி. அவருக்குச் செம்பவாங்கில் பெண் பார்த்திருந்தார்கள். பெண்ணின் தகப்பனாருக்கு அங்கே கப்பல்தளத்தில் ஸ்டோர் வேலை. பெண்ணின் பெயர் புவனம்.

எந்த வருஷம் என்று கேட்காதீர்கள். மலேசியாவோடு நம் தீவு சேரப்போகிறதா இல்லையா என்று காப்பிக்கடையில் எல்லாரும் சண்டை போட்டுக்கொண்டிருந்த காலம். அவ்வளவுதான் நினைவிருக்கிறது.

எங்கள் ஆட்கள் தாலியைப் பட்டறையில் செய்து வாங்கிக்கொண்டு போவார்கள். யாழ்ப்பாணத்தார் வழக்கம் வேறு. தாலிக்கான பொன்னை நல்ல நாள் பார்த்து, மாப்பிள்ளை வீட்டில், விளக்கேற்றி, நிறைகுடம் வைத்து, சொந்தக்காரர் எல்லார் கண் முன்னாலும் உருக்க வேண்டும். பொன்னுருக்கு என்பார்கள். மாப்பிள்ளை குளித்துக் கும்பிட்டுவிட்டு வந்து, பொற்காசைத் தன் கையால் பத்தரிடம் கொடுப்பார். உருகின பொன்னைத் தட்டில் வைத்து வரிசையாகக் காட்டிக்கொண்டு போவார்கள். பெண் மட்டும் அங்கே வரக்கூடாது. பெண் வீட்டிலிருந்து தகப்பனோ மாமனோ வந்து உட்கார்ந்திருப்பார்கள்.

பொன் பளிச்சென்று ஒரே உருண்டையாக வந்தால் எல்லார் முகமும் மலரும். வராவிட்டால் என்ன என்று யாரும் பேசுவதில்லை. வராமல் போனதை அங்கே ஒருவரும் பார்த்ததில்லை.

எங்கள் வீட்டுக்காரருக்கு அந்த வேலை வந்தது பெரிய பேர். கெர்பாவ் ரோட்டில் கீழே பட்டறை, மேலே குடித்தனம் என்று இருந்தோம். அந்த வீட்டிலிருந்து பேச வந்தது மாப்பிள்ளையின் பெரியம்மா. தாயாருக்கு மூத்தவர். நல்ல உயரம், நூல் சேலை, பேச்சில் ஒரு வார்த்தை அதிகம் இருக்காது. பொன்னுருக்குச் சாமான் அத்தனையும் பத்தர் தன் கையாலேயே, விரதமிருந்து, குளித்துவிட்டு ஆயத்தம் செய்ய வேண்டும், வேறு ஆள் தொடக் கூடாது என்றார்.

“அப்படியே செஞ்சுர்றேம்மா,” என்றார் இவர்.

நான் உள்ளே காப்பி கலந்துகொண்டிருந்தேன். எனக்குச் சிரிப்பு வந்தது. கல்யாணமாகி வந்த மூன்றாம் மாதத்திலிருந்து அந்தப் பட்டறைக்கு வெங்காரம் பொரித்துக் கொடுப்பவள் நான்தான்.

வெங்காரம் என்கிற கல்

போன வாரம் இந்தப் பத்தியில், பட்டறை அலமாரியில் இருந்த டப்பாக்களைப் பற்றி எழுதும்போது, வெங்காரம் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அது என்ன, உப்பா, மருந்தா, கல்லா என்று ஒருவர் கேட்டு எழுதியிருக்கிறார். மூன்றும்தான்.

புதிதாக வாங்கினால் பனிக்கட்டித் துண்டு போல இருக்கும். கையில் எடுத்தால் கல் கனம் இருக்காது. நகத்தால் அழுத்திக் கீறினால் தடம் விழுகிற மாதிரி மெத்து. உலைக்குப் பக்கத்தில் நாலு நாள் வைத்தால் மேலே மாவு பூத்துவிடும். உள்ளே இருக்கிற தண்ணீர் போய்விடுகிறது, அதனால்தான் அப்படி வெளுக்கிறது.

கல்லுக்குள் ஏது தண்ணீர் என்பீர்கள். இரும்புக் கரண்டியில் வைத்து நெருப்பில் காட்டினால் தெரியும். சீறும், குமுறும், பொங்கும். ஒரு சுண்டைக்காய் அளவு கட்டி, நெல்லுப்பொரி மாதிரி வெள்ளையாக உப்பிக் கரண்டியை நிறைத்துவிடும். அத்தனையும் அதற்குள் ஒளிந்திருந்த தண்ணீர் ஆவியாகப் போகிற ஆட்டம். அப்படிப் பொரித்ததை இடித்துத் தூளாக்கித்தான் டப்பாவில் வைப்பேன். பச்சையாகப் போட்டால் பொங்குகிற வேகத்தில் நகைத் துண்டை இடம் நகர்த்திவிடும்.

பொரிந்த பிறகும் விடாமல் சூடு காட்டினால் பொரி அடங்கும். அடங்கி, உருகி, தண்ணீர் போலத் தெளிந்து கரண்டியின் அடியில் நிற்கும். ஆறினால் கண்ணாடி. ஊதும்போது சில நேரம் சுடரின் ஓரத்தில் ஒரு பச்சை தெரியும், வாழைக்குருத்துப் பச்சை.

தங்கத்துக்கு இது எதற்கு? பொற்காசு சுத்தத் தங்கம் இல்லை, கொஞ்சம் செம்பு கலந்திருக்கும். சூடு பட்டால் செம்பு கறுத்து மேலே ஒரு தோல் கட்டும். தோல் கட்டிய துண்டுகள் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தாலும் சேராது. வெங்காரம் கண்ணாடியாக உருகி அந்தத் தோலைத் தின்றுவிடும். அப்புறம் தங்கம் தங்கத்தைப் பார்த்து ஓடும்.

இதெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொண்டதல்ல. எனக்குக் கண், விரல், நாக்கு மூன்றும்தான். வெங்காரக் கரைசலைத் தொட்டால் சோப்புத் தண்ணீர் போல வழுக்கும். நாக்கு நுனியில் வைத்தால் முதலில் லேசாக இனிக்கும், பிறகு சவுக்காரம் மாதிரிக் கசக்கும். பார்க்க அதே மாதிரி இருக்கிற படிகாரம் அப்படியில்லை, வாயையே சுருட்டி இழுக்கும். இப்போது டாக்டர்கள் வெங்காரத்தை வாயில் வைக்கவே கூடாது, குழந்தைக்கு வாய்ப்புண் என்று தடவவும் கூடாது என்கிறார்கள். சரியாகத்தான் சொல்கிறார்கள். நீங்கள் யாரும் செய்து பார்க்க வேண்டாம்.

வெளியே வழியில்லாத ஏரி

நாங்கள் சாமான் வாங்குகிற நாட்டு மருந்துக்கடை சிராங்கூன் ரோட்டில் இருந்தது. கடைக்காரர் ராவுத்தர். அவருடைய வாப்பாவும் மருந்துக்கடைதான். பேச ஆள் கிடைத்தால் தராசைக் கீழே வைத்துவிடுவார்.

வெங்காரம் எங்கே விளைகிறது என்று ஒரு நாள் கேட்டேன். பூமிக்கு அடியில் நெருப்பு இருக்கிற இடத்தில் வெந்நீர் ஊற்று கிளம்பும், அந்தத் தண்ணீர் கற்களுக்குள்ளே இருந்து இதைக் கரைத்துக்கொண்டு மேலே வரும் என்றார். வந்து ஒரு பள்ளத்தில் ஏரியாக நிற்கும். அந்த ஏரிக்கு உள்ளே வர வழி உண்டு, வெளியே போக வழி கிடையாது. மழையும் கிடையாது. வெயில் தண்ணீரைக் குடிக்கும், கரைந்தது தங்கிவிடும். வருஷக்கணக்காக, நூறு நூறு வருஷக்கணக்காக. கடைசியில் ஏரிக்கரையெல்லாம் வெள்ளையாகப் பூத்து நிற்கும்.

முன்காலத்தில் திபெத்துப் பக்கத்து ஏரிகளிலிருந்து ஆட்டு முதுகில் சின்னச் சின்ன மூட்டையாகக் கட்டி, பனிமலைக் கணவாய் தாண்டி இந்தியாவுக்குக் கொண்டுவருவார்களாம். காற்றுப் பட்டு மாவாகிவிடக் கூடாது என்று கொழுப்புத் தடவி அனுப்புவார்களாம். அவர் வாப்பா காலத்துக் கட்டிகளில் ஆட்டு வாடை அடிக்குமாம். எங்கள் காலத்தில் வந்தது அமெரிக்காவின் வறண்ட பூமியில் வெட்டியெடுத்து, காய்ச்சிச் சுத்தம் செய்து, கப்பலில் வந்த சரக்கு. வாடை கிடையாது.

“நம்ம செம்பவாங்லயும்தான் சுடுதண்ணி ஊத்து இருக்கு. அங்க ஏன் விளையல?” என்று கேட்டேன்.

ராவுத்தர் கடைக்கு வெளியே கையைக் காட்டினார். அப்போதும் மழை கொட்டிக்கொண்டுதான் இருந்தது.

“இந்த ஊர்ல எது வந்தாலும் கடலுக்குப் போயிரும்மா. தங்காது,” என்றார்.

அதை நான் நிறைய நாள் நினைத்திருக்கிறேன். ஒன்று கல்லாக உறைய வேண்டுமானால் அதற்குப் போக்கிடம் இருக்கக் கூடாது. மனிதர்களுக்குள்ளும் அப்படித்தான் சில விஷயம் உறைந்துபோகிறது. நான் எழுதப் படிக்கத் தெரியாதவள் என்பதை வெளியே விடாமல் வைத்திருந்தேன் பாருங்கள், அது எனக்குள்ளே அப்படித்தான் கெட்டியாகிக் கிடந்தது. பஸ் வந்தால் நம்பரைப் படத்தைப் போல ஞாபகம் வைத்து ஏறுவேன். கோயிலில் யாராவது நோட்டீஸ் கொடுத்தால் கொஞ்ச நேரம் கண்ணை ஓட்டிவிட்டு மடித்து இடுப்பில் செருகுவேன். பக்கத்து வீட்டு ஆசிரியரம்மாவுக்குக்கூடத் தெரியாது.

இரண்டு பொட்டலம்

பொன்னுருக்குக்கு முதல் நாள் ராவுத்தர் கடைக்குப் போனேன். வெங்காரம் ஒரு பொட்டலம். படிகாரம் ஒரு பொட்டலம். படிகாரம் எதற்கு என்றால், நகைக்கு நிறம் ஏற்ற இவருக்கு அதுவும் வேண்டும். இரண்டும் ஒரே காகிதம், ஒரே நூல். மேலே பென்சிலால் பெயர் எழுதிக் கொடுத்தார். பொட்டலத்தில் எழுத்து இருந்தாலும் இல்லாவிட்டாலும் எனக்கு ஒன்றுதான், வீட்டுக்குப் போய்ப் பிரித்து, ஒரு துணுக்கு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு டப்பாவில் போடுவேன். பத்து வருஷமாக அதுதான் என் படிப்பு. ஒரு நாளும் தவறியதில்லை.

அன்றைக்கு மட்டும் வைக்கவில்லை.

ஏனென்றால் அது பொன்னுருக்குச் சாமான். சாமி முன்னால் வைக்கப்போகிற பொருள். எச்சில் படலாமா? தலைக்குக் குளித்து, ஈரச் சேலையோடு அடுப்பு மூட்டி உட்கார்ந்தவள், கையை வாய்க்குக் கொண்டுபோய்விட்டுப் பாதியில் நிறுத்தினேன். வேறொருத்தி வீட்டுத் தாலிக்கு என் எச்சிலா என்று மனசு கூசியது.

பொட்டலங்கள் இரண்டும் மழையில் நனைந்திருந்தன. எழுத்து அழியவில்லை, நன்றாகவே தெரிந்தது. எனக்குத்தான் அது வெறும் கோடு. அடுத்த வீட்டுக்குப் போய், “டீச்சர், இதுல என்ன போட்டிருக்கு?” என்று கேட்க ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. வாசல் வரைக்கும் போனேன். திரும்பி வந்துவிட்டேன்.

கரைத்து விரலால் தொட்டுப் பார்க்கவும் தோன்றவில்லை, பொரித்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று நினைத்தேன். ஒரு பொட்டலத்தைப் பிரித்துக் கரண்டியில் போட்டேன். சீறியது, பொங்கியது, வெள்ளையாக உப்பியது. சரிதான் என்று இறக்கி, இடித்து வெங்கார டப்பாவில் போட்டுவிட்டேன்.

படிகாரமும் அப்படித்தான் பொரியும். அதற்குள்ளும் தண்ணீர் உண்டு. இன்னும் கொஞ்ச நேரம் நெருப்பில் விட்டிருந்தால் வெங்காரம் உருகித் தெளிந்திருக்கும், படிகாரம் காய்ந்த சாம்பல் மாதிரி அப்படியே நின்றிருக்கும். அந்தக் கொஞ்ச நேரத்தை நான் கொடுக்கவில்லை. பொரிந்த பக்குவத்தில் இறக்குவதுதான் என் பழக்கம்.

“நிப்பாட்டும்”

கூடத்துக்கு வருகிறேன்.

பெரியம்மா எழுந்து நின்றார்.

“நிப்பாட்டும் பத்தர்.”

இவர் ஊதுகுழலை எடுத்தார். முகமெல்லாம் வேர்வை. மூசையைப் பார்த்தார், பக்கத்தில் இருந்த டப்பாவைப் பார்த்தார், பிறகு நிமிர்ந்து வாசலோரம் இருந்த என்னைப் பார்த்தார். அவருக்கும் தெரிந்துவிட்டது. அந்த நெடி தெரியாமல் ஒரு பத்தர் தொழில் செய்ய முடியாது. ஆனால் அவர் எதைச் சொல்வார்? மருந்து மாறிவிட்டது என்றால், உன் கையாலே செய்ததல்லவா, எப்படி மாறும் என்று கேள்வி வரும். தலையைக் குனிந்துகொண்டார்.

பெரியம்மா குரலை உயர்த்தவில்லை. “உது சரிவராது. நான் அப்பவே சொன்னனான், பொருத்தத்தை வடிவாப் பாருங்கோ எண்டு. இப்ப பொன்னே சொல்லுது.”

புவனத்துக்கு முன்னே ஒரு சம்பந்தம் பேசி, நாள் வரைக்கும் வந்து நின்றுபோயிருந்தது. அது யாருக்கும் தெரியாத விஷயமல்ல. இதுவும் நின்றால், இரண்டு முறை நின்ற பெண். மூன்றாவதாக யார் வருவார்கள்?

அவள் தகப்பனார் எழுந்தார். “அக்கா, ஒருக்கா...” என்று ஆரம்பித்தார்.  துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றார். மாப்பிள்ளையின் தகப்பனார் விளக்குத் திரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை பட்டு வேட்டியின் கரையை விரலால் நீவிக்கொண்டிருந்தார். அவர் வாயைத் திறக்கப்போகிறார் என்று நான் காத்திருந்தேன். நிஜமாகவே காத்திருந்தேன். நீவிக்கொண்டே இருந்தார்.

வெளியே செம்பவாங்குக்குப் போக வாடகைக் கார் நின்றிருந்தது. பொன் உருகினதும் பெண்கள் தட்டு எடுத்துக்கொண்டு பெண் வீட்டுக்குப் போவது வழக்கம். அங்கே அந்தப் பெண் தலை பின்னிப் பூ வைத்துக்கொண்டு, கார்ச் சத்தத்துக்குக் காதைக் கொடுத்திருப்பாள். அவளை நான் பார்த்ததுகூட இல்லை.

உட்கார்ந்திருந்த பெண்களுக்கு நடுவே நான் நடந்து போனேன். இவர் பக்கத்தில் குந்தி, டப்பாவுக்குள் விரலை விட்டு நாக்கில் வைத்தேன்.

வாய் சுருட்டி இழுத்தது.

“என்ன செய்யிறீர்? எச்சில் பண்ணுறீர்!” என்றார் பெரியம்மா.

“இது வெங்காரம் இல்லீங்கம்மா, படிகாரம். பொரிச்சவ நான். மாத்திப் பொரிச்சிட்டேன். பொண்ணு மேல ஒரு குத்தமும் இல்ல.”

பெரியம்மா இவர் பக்கம் திரும்பினார்.

“பத்தர் தன்ரை கையாலை செய்ததெண்டெல்லோ சொன்னவர்?”

“அது பொய்ங்கம்மா.”

இவர் நிமிரவில்லை. பக்கத்தில் இருந்த எனக்கு அவர் மூச்சு கேட்டது.

பெரியம்மா என்னை விடவில்லை. “பொட்டலத்திலை பேர் எழுதித்தானே குடுத்திருப்பினம். வாசிக்கேல்லையோ?”

பத்து வருஷமாக உள்ளே கெட்டியாகிக் கிடந்தது. நாற்பது பேர் முன்னால் அதைச் சொல்ல வேண்டியிருந்தது.

“எனக்கு வாசிக்கத் தெரியாதும்மா.”

யாரோ ஒரு பெண் பின்னால் “ஐயோ” என்றாள், மெதுவாக. அந்த “ஐயோ” எனக்குப் பெரியம்மாவின் கேள்வியைவிடச் சுட்டது.

ஒரே கரண்டியில் இரண்டு

இவருடைய கருவிப் பெட்டியில் பற்று வைத்து ஒட்டுகிற வேலைக்கென்று ஒரு வெங்காரக் கட்டி எப்போதும் இருக்கும். மேலே மாவு பூத்த பழைய கட்டி. அதில் ஒரு துணுக்கை உடைத்து இரும்புக் கரண்டியின் ஒரு பக்கம் வைத்தேன். டப்பாவில் இருந்த தூளை மறுபக்கம் வைத்தேன். பெரியம்மாவுக்கு எதிரில் கரியின் மேல் பிடித்தேன்.  இவர் என் மணிக்கட்டுக்குக் கீழே ஒரு கையைக் கொடுத்து, மற்றக் கையில் குழலைப் பிடித்து ஊதினார்.

கட்டி சீறிப் பொங்கியது. அடங்கியது. ஓரத்திலிருந்து ஈரம் போல ஒரு பளபளப்பு ஏறி, பொரி முழுக்கக் கரைந்து, தெளிந்த ஒரு சொட்டாக நின்றது. அதன் வழியே கரண்டியின் கறுப்பு தெரிந்தது. மறுபக்கத்துத் தூள் வெள்ளையாகவே கிடந்தது, அதே நெடியோடு.

பெரியம்மா குனிந்து பார்த்தார். நன்றாக, நேரம் எடுத்துக்கொண்டு பார்த்தார்.

“நல்ல நேரம் இன்னும் எவ்வளவு கிடக்கு?” என்று சடங்கு செய்ய வந்திருந்த ஐயரைக் கேட்டார்.

கொஞ்சம் இருந்தது. இவர் துண்டுகளை வெளியே எடுத்துப் பொருக்கைச் சுரண்டி, புது மூசையில் போட்டு, கரண்டியில் நான் மறுபடி பொரித்துக் கொடுத்ததைத் தூவி ஊதினார். துண்டுகள் சிவந்தன. கறுப்புத் தோல் ஓரத்திலிருந்து விலகியது. ஒரு துண்டின் முனை மழுங்கி, அடுத்ததைத் தொட்டு, சட்டென்று இரண்டும் ஒன்றாயின. பிறகு மூன்று. பிறகு நாலும். மூசைக்கு நடுவில் பொன் ஒரே உருண்டையாக நடுங்கிக்கொண்டு நின்றது.

தேங்காய் உடைத்தார்கள். தட்டு வரிசையாகப் போனது. பெரியம்மா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, “காரை எடுக்கச் சொல்லுங்கோ,” என்றார்.  

நாங்கள் நடந்தே வீடு திரும்பினோம். பெட்டியை அவர் தூக்கிக்கொண்டு முன்னால் போனார், நான் கடை வாசல்களை ஒட்டிய அஞ்சடி நடைபாதையில் கடை கடையாகப் பின்னால் போனேன். மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள் யாரோ வேலை கொடுக்க வந்தவர் ஏதோ கேட்டதற்கு, “வெங்காரமெல்லாம் வீட்டுல பொரிக்கிறது, என்னவிட அவளுக்குத்தான் பக்குவம் தெரியும்,” என்று என் காதில் விழும்படி சொன்னார். நான் அடுத்த வாரம் டீச்சர் வீட்டுக்குப் போய், அ என்றால் எது என்று கேட்டேன். எனக்குத் தெரிந்த எழுத்து அங்கே ஆரம்பித்ததுதான். இன்னமும் கூட்டிக் கூட்டித்தான் படிக்கிறேன். என் எழுத்துப் பிழையைத் திருத்திப் போடுகிறார்கள். சொல் மட்டும் என்னுடையது.

புவனம் வந்தாள்

இனி எழுதப்போவதை இத்தனை வருஷம் யாரிடமும் சொல்லவில்லை. புவனமும் அவள் கணவரும் இப்போது இல்லை. எங்கள் வீட்டுக்காரரும் இல்லை. யாருக்கும் வலிக்காது.

கல்யாணம் நடந்து நாலைந்து வருஷம் இருக்கும். ஒரு பிற்பகல், கைப்பையும் குடையுமாக ஒரு பெண் பட்டறைக்குள் வந்தாள். கழுத்தில் மஞ்சள் கயிறு. தாலிக்கொடியில் ஒரு வளையம் தேய்ந்துவிட்டது, பற்று வைத்துத் தர வேண்டும் என்று கைக்குட்டையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அந்தத் தாலியைப் பார்த்ததும் இவர் என்னைப் பார்த்தார். அப்போதுதான் அவள் புவனம் என்று எனக்குத் தெரிந்தது.

இவர் வேலையில் உட்கார்ந்தார். நான் அவளுக்கு ஸ்டூல் போட்டேன். கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்.

“அக்கா, அண்டைக்கு என்ன நடந்ததெண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. வீட்டிலை பால் பொங்கினாலும் பெரியம்மா, உன்ரை பொன்னுருக்கே அப்பிடித்தானே எண்டு ஒரு சொல் சொல்லுவா. இவரைக் கேட்டால், அதை விடு எண்டுறார்.”

நான் சொன்னேன். பொட்டலம், மழை, எச்சில், நெடி, கரண்டி, எல்லாம். என் தப்பை ஒன்றுகூடக் குறைக்காமல் சொன்னேன். அவள் சிரித்துவிட்டாள். “இவ்வளவுதானே?” என்றாள். தோள் இரண்டும் தளர்ந்து இறங்கியதைப் பார்த்தேன்.

பிறகு சிரிப்பு நின்றது. கைக்குட்டையை மடித்தாள், பிரித்தாள்.

“நிப்பாட்டச் சொல்லிப் பெரியம்மா சொல்லேக்கை, இவர் என்ன சொன்னவர்?”

பட்டறையில் ஊதுகிற சத்தம் மட்டும் கேட்டது. இவர் எங்களுக்கு ஒரு முழ தூரத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு, தாலிக்கொடியில் சுடரைப் பிடித்திருந்தார். பற்று ஓடுகிற நேரம் அது. நடுவில் மூச்சு மாறினால் சுடர் ஒடிந்துவிடும், வளையம் கருகிப்போகும்.

நாற்பது பேர் முன்னால் என் புருஷனைப் பொய்யர் என்று சொன்ன வாய் இது.

“அவர்தாம்மா முதல்ல எந்திரிச்சது,” என்றேன். “இன்னொரு தரம் உருக்குங்க பத்தர், உருகாட்டியும் எனக்கு இந்தப் பொண்ணுதான்னாரு. அப்புறந்தான் எனக்கே வாயத் திறக்கத் தெம்பு வந்துச்சு.”

புவனம் கழுத்தில் இருந்த மஞ்சள் கயிற்றை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தாள்.

நான் இவரைப் பார்த்தேன். காதில் விழாமல் இருக்காது. ஊதுகுழலின் முனையில் சுடர் ஒரு நூல்கூட அசையவில்லை.